மஞ்சளும் மருத்துவமும்

2020ஆம் ஆண்டிலே இலங்கையில் மஞ்சள் இறக்குமதி தடைசெய்யப்பட்டபோது அதன் விலை பன்மடங்காக உயர்ந்தது. பாக்கு நீரிணையைக் கடந்து களவாகக் கொண்டுவரப்பட்ட மஞ்சள் மூடைகளைக் கடற்படையினர் கைப்பற்றிய செய்திகள் அடிக்கடி வெளிவந்தன. பொன்னுக்கு நிகரான மதிப்பு ஒரு கறிச் சரக்குக்கு வாய்த்தது. இதில் வியப்பில்லை. மஞ்சளின்றிக் கறியுமில்லை, மங்கலக் கருமமுமில்லை என்று வாழும் மக்கள், காயத்துக்கும் வீக்கத்துக்கும் அதனையே அரைத்துப் பற்றிடுவர். அம்மஞ்சள் அடுக்களையிலிருந்து ஆய்வுகூடத்துக்குச் சென்ற வரலாறும், அங்கே அதற்கு நேர்ந்த சோதனைகளும் அறியத்தக்கவை.

1563ஆம் ஆண்டில் கோவையில் அன்று. கோவா நகரிலே தம் நூலை அச்சேற்றிய போர்த்துக்கேய வைத்தியர் கார்சியா த ஓர்த்தா, மஞ்சளை இந்தியக் குங்குமப்பூ என்னும் பெயரால் விவரித்தார். குங்குமப்பூவைக் குறித்த அரபுச் சொல்லாகிய குர்க்கும் என்பதே மஞ்சளின் தாவரவியற் பெயருக்கும் அடியாயிற்று. ஐரோப்பியருக்கு நெடுங்காலம் அது பெரும்பாலும் ஒரு சாயச் சரக்காகவே இருந்தது.

1815ஆம் ஆண்டில் வோகல், பெல்லெத்தியே என்னும் இரு அறிஞர்கள் மஞ்சளிலிருந்து அதன் நிறப்பொருளைப் பிரித்தெடுத்துக் குர்க்குமின் எனப் பெயரிட்டனர். இப்பெல்லெத்தியேதான் ஐந்தாண்டுகளின் பின்னர்க் கொயினாவைக் கண்டறிந்தோருள் ஒருவர். மஞ்சள் தோய்த்த தாள் காரம் பட்டதும் சிவப்பதைக் கொண்டு இரசாயனர் காரத்தைச் சோதித்தனர். மஞ்சள் நீரிலே சுண்ணாம்பு கரைத்து ஆலத்தி எடுக்கும் நம் பெண்களுக்கு அந்நிறமாற்றம் பழகிய செய்தியே! குர்க்குமினின் இரசாயன அமைப்பு 1910ஆம் ஆண்டிலே தெளிவாயிற்று.

மருத்துவ ஆராய்ச்சி முனைப்படைந்தது இதற்கு மிகவும் பிந்தியே. இலக்னோ நகரத்து மத்திய மருந்தாராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த சிறிமால், தவான் ஆகியோர் குர்க்குமின் அழற்சியைத் தணிக்கவல்லது என்று 1973ஆம் ஆண்டில் எழுதினர். 1976ஆம் ஆண்டில் அது ஒட்சியேற்றத்தைத் தடுப்பதும் காட்டப்பட்டது. இவ்விரு பண்புகளும் ஒருங்கே பேசப்படுவதற்குக் காரணம் உண்டு. அழற்சியாவது உடல் தன்னைக் காத்துக்கொள்ள மூட்டும் தீ. சிவத்தல், வெம்மை, வீக்கம், நோவு என்பன அதன் குறிகள். கிருமியை அழிப்பதற்கு வெண்குருதிக் கலங்கள் வீறுமிக்க ஒட்சிசன் பொருள்களை வெளிவிடுகின்றன. காயம் ஆறியதும் இத்தீ அவியவேண்டும். மூட்டுவாதம் போன்ற நாட்பட்ட நோய்களிலோ அது அவியாது நின்று சொந்த உறுப்பையே எரிக்கின்றது. ஆகவே ஒட்சியேற்றத்தைத் தடுக்கும் தாவரப் பொருள் ஒன்று இத்தீயையும் தணிக்குமென எதிர்பார்த்தது இயல்பே. 1980ஆம் ஆண்டில் மூட்டுவாத நோயாளர் பதினெண்மருக்கு நாளொன்றுக்கு 1200 மில்லிகிராம் குர்க்குமின் கொடுத்துச் சோதித்தபோது ஓரளவு நற்பயன் தென்பட்டது.

இனி, புகழ்பெற்ற வழக்கொன்று. மஞ்சளால் புண்ணாற்றும் முறைக்கு 1995ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மிசிசிப்பிப் பல்கலைக்கழக மருத்துவ நிலையத்தார் ஆக்கவுரிமை பெற்றனர். இந்திய விஞ்ஞான, கைத்தொழில் ஆராய்ச்சி மன்றம் பழைய நூல்களைச் சான்றாகக் காட்டி எதிர்த்தது. 1997ஆம் ஆண்டில் அவ்வுரிமை நீக்கப்பட்டது. நம்மவர் அதனைப் பெருவெற்றியாகக் கொண்டாடியது தகும். எனினும் அங்கே நிலைநாட்டப்பட்டது யாது? அவ்வழக்கம் பழையது என்பதே. அது நோயைத் தீர்க்கும் என்பதன்று. இவ்வேறுபாட்டைப் பலர் மறந்தனர். குளிகை விற்போர் மறக்கவில்லை, வசதியாக மறைத்தனர்.

கணக்கைப் பார்த்தால் உண்மை விளங்கும். மஞ்சள் தூளில் குர்க்குமின் நூற்றுக்கு ஏறக்குறைய மூன்று பங்கே. மேற்கூறிய 1200 மில்லிகிராமைப் பெற நாடோறும் 40 கிராம் தூள் உண்ணல் வேண்டும். எந்தக் கறி அதைத் தாங்கும்? உண்டாலும் அதிற் சிறிதளவே குருதியிற் கலக்கின்றது. மிளகின் காரப்பொருளைச் சேர்த்தால் குருதியிற் சேரும் அளவு இருபது மடங்காகின்றதென 1998ஆம் ஆண்டில் பெங்களூர் ஆய்வாளர் கண்டனர். அதன்பின் மிளகுச் சத்துக் கலந்த குளிகைகள் சந்தையை நிறைத்தன.

2014ஆம் ஆண்டில் தாய்லாந்திலே முழங்கால் மூட்டுத் தேய்வுற்ற 367 பேரிடம் நான்கு வாரம் நடந்த சோதனையில், மஞ்சட் சத்து இபுபுரோபன் என்னும் நோவுமருந்துக்கு ஏறக்குறைய ஈடாக நின்றது. இது புறக்கணிக்கத்தக்கதன்று. ஆயினும் நோவு தணிதல் வேறு, மூட்டைச் சிதைக்கும் நோய் அடங்குதல் வேறு. இதை நம்பி மூட்டுவாதக்காரர் வைத்தியர் தந்த மருந்தைக் கைவிட்டால், சிதைந்த மூட்டு மீளாது. 2017ஆம் ஆண்டில் அமெரிக்க இரசாயனர் சிலர் மனிதரிடம் நடந்த 120க்கு மேற்பட்ட சோதனைகளைச் சீர்தூக்கி, போலி மருந்தோடு ஒப்பிட்டு முறையாகச் செய்யப்பட்ட எதிலும் குர்க்குமின் வெற்றி பெறவில்லை என்று முடிவு கூறினர். அது பல புரதங்களோடு கண்டபடி ஒட்டுவதாலும் தானே ஒளிர்வதாலும், சோதனைக் குழாயிற் பொய்யான பயனைக் காட்டக்கூடும் என்றும் விளக்கினர்.

மிளகுச் சத்தின் கதைக்குப் பின்னுரையொன்று உண்டு. 2019ஆம் ஆண்டில் இத்தாலியில் மஞ்சட் குளிகை உண்டோர் பலருக்கு ஈரல் அழற்சி கண்டது. அழற்சியைத் தணிக்க உண்டது அழற்சியையே விளைத்தது! அமெரிக்காவிலும் இத்தகைய நோயாளர் பதின்மரைப் பற்றிய அறிக்கை 2022ஆம் ஆண்டில் வெளிவந்தது. அவர்களுட் சிலர் உண்ட குளிகையில் மிளகுச் சத்தும் இருந்தது. ஈரல், பித்த நோயுடையோர் அவற்றை உண்ணலாகாது என்னும் எச்சரிக்கையைப் புட்டிகளிற் பொறிக்குமாறு இத்தாலிய சுகாதார அமைச்சு பணித்தது. கறியிலிடும் மஞ்சளுக்கு அந்த எச்சரிக்கை இல்லை.