முழங்கால் இணையக் காயமும் கசியிழையத் தேய்வும்: ஒரு வரலாற்று நோக்கு

முழங்காலில் இணையம் அறுந்தவரின் காயம் ஆறிய பின்னரும், பத்து இருபது ஆண்டுகள் கழித்து அம்மூட்டுத் தேய்ந்து போவது ஏன் என்னும் வினா மருத்துவ உலகிலே மிகப் பிந்தியே எழுப்பப்பட்டது. மூட்டின் உறுப்புகள் தனித்தனியே நோக்கப்பட்டமையே இத்தாமதத்துக்குத் தலையாய காரணம் எனலாம். என்புகளைப் பிணைக்கும் நார்க்கட்டுகளாகிய இணையங்களைச் சிலர் ஆராய்ந்தனர். என்பு முனைகளைப் போர்த்துள்ள, குருத்தெலும்பு எனவும் வழங்கும் கசியிழையத்தை வேறு சிலர் ஆராய்ந்தனர். தொடை என்புக்கும் கீழ்க்கால் என்புக்கும் இடையே கிடக்கும் பிறைவடிவத் தட்டுகளையோ பலர் பொருட்படுத்தவேயில்லை.

கசியிழையம் பற்றிய அறிவு இவற்றுள் முந்தியது. 1743இல் வில்லியம் ஹன்ரர் இலண்டன் றோயல் சங்கத்தின் ஏட்டில் எழுதிய கட்டுரையிலே, அழிந்த கசியிழையம் மீள்வதில்லை என்றார். குருதிக்கலனும் நரம்பும் அற்ற இழையம் அது; ஆதலால் ஆறுவது அரிது, தேய்வு தொடங்குங்கால் வலியால் உணர்த்துவதுமில்லை. இணையங்களின் தொழிலை ஜேர்மனியரான வேபர் சகோதரர் மனித நடை பற்றிய 1836ஆம் ஆண்டு நூலில் விளக்கினர். 1895இல் லீட்ஸ் நகரிலே மேயோ றொப்சன் சுரங்கத் தொழிலாளி ஒருவரின் அறுந்த குறுக்கிணையங்களைத் தைத்தார். 1917இல் ஹே குறோவ்ஸ், தொடையின் புறத்தேயுள்ள நார்ப்பட்டையைக் கொண்டு இணையத்தைப் புதிதாக அமைக்கும் முறையை வெளியிட்டார். இவர்கள் நாடியது மூட்டின் உறுதியை. கசியிழையத்தின் எதிர்காலம் அன்று வினாவாகவே இருக்கவில்லை.

இவ்வரலாற்றின் வருந்தத்தக்க பகுதி பிறைத்தட்டுகள் பற்றியது. 1883இல் எடின்பரோவிலே தோமஸ் அனன்டேல், பிடுங்குண்ட தட்டொன்றைத் தைத்துப் பேணியிருந்தார். அம்முன்மாதிரி போற்றப்படவில்லை. அத்தட்டுகள் கால் தசையின் தொழிலற்ற எச்சங்களே என 1897இல் பிளான்ட் சற்றன் எழுதினார். பயனற்றதெனக் கொண்ட உறுப்பை அகற்ற யார் தயங்குவர்? கிழிந்த தட்டை முற்றாக வெட்டியெடுப்பதே இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் வழக்காயிற்று. 1936இல் கிங் என்பார் நாய்களின் தட்டை அகற்றி, அதன்பின் கசியிழையம் சிதைவதைக் காட்டினார். 1948இல் பெயர்பாங்க், தட்டு அகற்றப்பட்ட 107 பேரின் எக்ஸ் கதிர்ப் படங்களை ஆராய்ந்து மூன்று மாற்றங்களைக் கண்டார்: தொடை என்பின் ஓரத்தில் முகடு எழுதல், என்பு முனை தட்டையாதல், மூட்டின் இடைவெளி குறுகுதல். தட்டு சுமை தாங்குகின்றது என்பதும், அது நீங்கியவழி அச்சுமை கசியிழையத்தின்மீது விழுகின்றது என்பதும் இவற்றாற் புலனாயின. ஆயினும் கத்தி உடனே ஓயவில்லை. கிழிந்த பகுதியை மட்டும் நீக்கும் முறை பரவுதற்கு மேலும் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் சென்றன.

இணையத்தின் பங்கும் இவ்வாறே விலங்காய்வினால் தெளிவாயிற்று. நாய்களுக்கு இத்துறை பட்டிருக்கும் கடன் பெரிது. 1973இல் பொண்ட், நூக்கி என்னும் இருவர் நாயின் முற்குறுக்கிணையத்தை அறுத்து, கசியிழையத் தேய்வு தோன்றுவதை விவரித்தனர். முற்குறுக்கிணையம் கீழ்க்கால் என்பு முன்னோக்கி வழுக்காது தடுப்பது. அது அறுந்தால், பழக்கமில்லாத இடங்களிலே கசியிழையம் சுமை தாங்க நேர்கின்றது. உட்புறப் பிறைத்தட்டின் பின்முனை, சில்லின் கீழ் வைத்த கட்டை போல என்பின் வழுக்கலைத் தடுக்க முயன்று தானும் கிழிகின்றது. காயம் நேரும் கணத்திலேயே என்புகள் மோதிக் கசியிழையம் நசுங்குவதும், மூட்டினுள் குருதி கசிந்து அழற்சி மூள்வதும் பின்னர் அறியப்பட்டன. தேய்வின் ஒரு பகுதி அன்றே தொடங்கிவிடுகின்றது என்பதே இதன் பொருள்.

மனிதரிடத்து இதன் அளவு 2004இல் வெளிவந்த சுவீடன் நாட்டு ஆய்வொன்றால் வெளிப்பட்டது. உதைபந்தாட்டத்திலே முற்குறுக்கிணையம் அறுந்த பெண்களைப் பன்னிரண்டு ஆண்டுகளின் பின் லோமண்டர் குழுவினர் பரிசோதித்தனர். எக்ஸ் கதிர்ப் படம் எடுக்கப்பட்ட 67 பேருள் 34 பேருக்கு மூட்டுத் தேய்வு காணப்பட்டது. அவர்களின் சராசரி வயது 31. முதுமைக்குரியதெனக் கருதப்பட்ட நோய், முதுமைக்கு நெடுந்தூரம் முன்னரே வந்திருந்தது. அவர்களுட் பெரும்பாலோர் இணையத்தைப் புதுப்பிக்கும் சத்திர சிகிச்சை பெற்றவர். பெற்றவர்க்கும் பெறாதவர்க்கும் இடையே நோவு முதலிய குறிகளிற் குறிப்பிடத்தக்க வேறுபாடு இருக்கவில்லை.

இணையத்தைத் திருத்தினால் கசியிழையமும் காக்கப்படும் என்ற நம்பிக்கையை அந்நாட்டிலேயே மற்றோர் ஆய்வு நேரடியாகச் சோதித்தது. 121 இளைஞருள் ஒரு சாராருக்கு உடனே சத்திர சிகிச்சையும், மறுசாராருக்கு முதலிற் பயிற்சியும், தேவைப்பட்டாற் பின்னர் சத்திர சிகிச்சையும் அளிக்கப்பட்டன. இரண்டாண்டு முடிவு 2010இலும் ஐந்தாண்டு முடிவு 2013இலும் வெளியாயின. இரு சாராரிடையேயும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. பயிற்சியோடு தொடங்கியவருட் பாதிப்பேர் அளவில் அவ்வைந்தாண்டினுள் சத்திர சிகிச்சையை நாடியிருந்தனர்.