ஓடாத சிங்கம்

1994ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் காலையில் அமெரிக்க வீடுகள் பலவற்றில் ஒரே காட்சி நிகழ்ந்தது. வண்ணக் காகிதத்தைப் பிரித்து, டிஸ்னியின் ‘லயன் கிங்’ கதைக் குறுந்தகட்டைக் குழந்தை எடுத்து நீட்டுகிறது. அப்பா அதைக் கணிப்பொறியில் இடுகிறார். சிங்கக்குட்டி வரவில்லை, நிரல் முறிந்து நின்றுவிடுகிறது. டிஸ்னியின் உதவித் தொலைபேசிகள் புகார்களால் திணறின.

பிசி என்ற ஒரே பெயரில் விற்கப்பட்டாலும் உள்ளிருக்கும் திரை அட்டையும் ஒலி அட்டையும் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறு. டாஸ் காலத்தில் இந்தச் சுமை வாங்கியவர் தலையில்தான் விழுந்தது. ஒலி அட்டை எது, அதன் ஐஆர்க்யூ எண் 5ஆ 7ஆ என்று ஆட்டங்கள் நிறுவும்போதே கேட்கும். 640 கிலோபைட் நினைவகத்தில் இடம் போதாதென்றால் கான்ஃபிக்.சிஸ் கோப்பைத் திருத்தவேண்டும். ஆசையாக வாங்கித் தந்த தாத்தாவிடம் போய் இதையெல்லாம் கேட்கமுடியுமா என்ன!

விண்டோஸ் இந்தக் கேள்விகளைத் தானே ஏற்றுக்கொண்டது. நிரல் விண்டோஸிடம் பேசினால் போதும். அட்டையிடம் பேசுவது டிரைவரின் வேலை. ஆனால் விண்டோஸ் 3.1 படம் வரையும் வேகம் ஆட்டங்களுக்குப் போதவில்லை. அதைச் சரிசெய்ய 1994இல் வந்ததுதான் விங்-ஜி. முதன்முறை ஓடும்போது திரை டிரைவரைச் சோதித்து, விரைவான வழி எதுவென்று அது குறித்துக்கொள்ளும். நல்ல யோசனை என்றே சொல்லவேண்டும். அந்தப் பண்டிகைக்கு ஏராளமாக விற்ற காம்பேக் பிரசாரியோ கணிப்பொறிகளின் திரை டிரைவர்களோ விங்-ஜியோடு சேர்த்துப் பரிசோதிக்கப்படாதவை. டிஸ்னி, காம்பேக், மைக்ரோசாஃப்ட் என மூவரின் பொருளும் தனித்தனியே பழுதற்றதாகத் தோன்றியிருக்கும். மூன்றும் சந்தித்த இடம் குழந்தையின் மேசை.

இதன்பின் அலெக்ஸ் செயின்ட் ஜான், கிரெய்க் ஐஸ்லர், எரிக் எங்ஸ்ட்ராம் ஆகியோரின் முயற்சியில் 1995 செப்டம்பரில் டைரக்ட்-எக்ஸ் வெளிவந்தது. தோல்வி வெற்றியான கதையாகவே இதை வழக்கமாகச் சொல்வார்கள். எனக்கு முழு உடன்பாடில்லை. அதன்பிறகு எந்த டைரக்ட்-எக்ஸ் பதிப்பு வேண்டும் என்ற வரி ஆட்டப் பெட்டிகளில் ஏறிக்கொண்டது, அவ்வளவுதான்.

அந்தக் குறுந்தகட்டை இன்று ஓட்ட விரும்புபவருக்கும் வழி உண்டு. 16 பிட் நிரலை 64 பிட் விண்டோஸ் ஏற்காது. எனவே டாஸ்பாக்ஸ் என்னும் போலிக் கணிப்பொறியை நிறுவி, அதனுள் விண்டோஸ் 3.1ஐ ஏற்றவேண்டும். பிறகு ஒலி டிரைவரை நிறுவும்போது ஐஆர்க்யூ எண் என்னவென்று அது கேட்கும். 7 என்று தரவேண்டும்.