சொல் முந்தியதா, முகம் முந்தியதா? சாண்டே முகமூடியின் காலம் பற்றி ஒரு மறுவாசிப்பு

சாண்டே முகமூடிக்கு அருங்காட்சியகங்கள் எழுதிவைக்கும் விளக்கப் பலகைகளில் பெரும்பாலும் ஒரே நூலின் குரல் கேட்கிறது. சில்வியா ஆர்டின் பூன் எழுதி 1986இல் யேல் பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்ட, மெண்டே கலையில் பெண்ணழகின் இலட்சியங்களை ஆராயும் நூல் அது. கழுத்தின் வளையங்கள் நீரலைகள். முகமூடி, நீருக்கடியிலிருந்து தலைதூக்கும் ஆவி. அதன் கருமையும் மினுமினுப்பும் நீரில் நனைந்த உடலின் ஒளி. சியரா லியோனின் மெண்டே பெண்கள் தங்கள் முகமூடியை எப்படிப் பார்க்கிறார்கள் என்பதை அறிய அந்நூலைவிட நல்ல வழிகாட்டி இன்னும் இல்லை. ஆனால் மெண்டே பெண்கள் 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தந்த விளக்கம், முகமூடி பிறந்த நாளின் விளக்கமாக மாறிப்போனது எப்படி? இக்கட்டுரை அந்தக் கேள்வியோடு தொடங்குகிறது.

சாண்டே என்பது பெண்களின் மறையவை. டெம்னே மக்கள் வழியே புந்து என்றும் அறியப்படுகிறது. ஆண்களின் போரோ அவைக்கு இணையானது. ஆப்பிரிக்காவில் முகமூடி அணிந்து ஆடுவது பெரும்பாலும் ஆண்களின் உரிமை. இங்கே மரத்தைச் செதுக்குபவர் ஆண், அதைத் தலையில் கவிழ்த்து, கறுத்த ராஃபியா நார் உடலை மறைக்க, ஆடுபவர் பெண். இவையெல்லாம் வாசகர் அறிந்தவையே என்பதால் விரிக்கவில்லை.

பூனின் வாசிப்பு

பூன் முகமூடியை உறுப்பு உறுப்பாகப் படிக்கிறார். அகன்ற நெற்றி அறிவைச் சொல்கிறது. தாழ்ந்த இமைகளும் சின்னஞ்சிறு மூடிய வாயும் அடக்கத்தையும், கேட்டதை வெளியே விடாத மௌனத்தையும் சொல்கின்றன. அடுக்கடுக்காய் முடைந்த கூந்தல், பெண்ணின் வளத்துக்கும் அவளைச் சுற்றியுள்ள பெண்களின் உழைப்புக்கும் சான்று. கழுத்து வளையங்களுக்கு அவர் தரும் இடம் இன்னும் பெரிது. நீரில் வாழும் பேரழகியான திங்கோய் என்னும் ஆவிக்கும் வளையக் கழுத்து உண்டு. தலை நீரைக் கிழித்து மேலெழும்போது சுற்றிலும் பரவும் வட்டங்களே அந்த வளையங்கள். இந்த ஒரு படிமத்தில் நீர், ஆவி, பெண்ணழகு, தீட்சை முடித்து வெளிவரும் கன்னி என நான்கும் ஒரு முடிச்சில் கட்டப்படுகின்றன.

முடிச்சு அழகானது. எனக்குள்ள தயக்கம் அதன் இறுக்கத்தில்தான். பூன் வரலாறு எழுத வரவில்லை. நூலின் பெரும்பகுதியை நிகழ்காலத்திலேயே எழுதுகிறார். மெண்டே கருதுகிறார்கள், மெண்டே சொல்கிறார்கள் என்பதே அவர் நடை. அந்த நிகழ்காலத்துக்குத் தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை. நூலை எடுத்தாண்ட பிறர் அதை அப்படியே பின்னோக்கி நகர்த்தி, முகமூடி முதன்முதல் செதுக்கப்பட்டதே இந்த அழகைக் காட்டத்தான் என்று எழுதத் தொடங்கினார்கள். பழி முழுவதும் பின்வந்தவர்களுடையது அன்று. உறுப்புக்கு ஒரு பொருள் என்ற அகராதியைக் கையில் கொடுத்தால், படிப்பவர் எந்த நூற்றாண்டுக்கும் அதைப் பயன்படுத்தத்தான் செய்வார். ஒரே உறுப்புக்கு ஆளுக்கு ஆள் விளக்கம் மாறுகிறது என்பதை ரூத் பிலிப்ஸ் 1995இல் வெளியான தம் நூலில் காட்டியிருக்கிறார். அகராதியோ அந்த மாற்றத்துக்கு இடம் வைப்பதில்லை.

கழுத்தையே எடுத்துக்கொள்வோம். வளையங்களைச் சதைப்பற்றின் மடிப்புகளாக, உடல்நலத்துக்கும் செழிப்புக்கும் அடையாளமாகக் கொள்ளும் விளக்கமும் பதிவாகியிருக்கிறது. இவ்விரண்டுக்கும் முன்னால் தச்சுவேலை சார்ந்த ஒரு காரணத்தை நான் வைப்பேன். இது தலைமுழுவதும் கவியும் முகமூடி. ஆடுபவரின் தலை உள்ளே நுழைய வேண்டுமானால் அடிவிளிம்பு முகத்தைவிட அகலமாக இருந்தாக வேண்டும். நார் ஆடையைக் கட்டும் துளைகளும் அந்த விளிம்பில்தான். சிறிய முகத்துக்குக் கீழே இவ்வளவு பருத்த கழுத்தை வெறுமனே விட்டால் அது உரலாகத் தெரியும். வளையங்கள் அந்தப் பருமனை அழகாக்கிவிடுகின்றன. முதலில் வேலையின் தேவை, பிறகு அதற்கு வந்து சேர்ந்த பொருள்கள் என்ற வரிசை எனக்கு இயல்பாகப் படுகிறது. இது நிரூபணம் அன்று, மறுப்பதற்கும் எளிதன்று.

பூனின் வாசிப்புக்கு இதைவிடப் பெரிய இடர் எல்லைக்கு அப்பால் இருக்கிறது. இதே முகமூடியை லைபீரியாவின் கோலா மக்களும் வைத்திருக்கிறார்கள். அங்கே அதில் எழுந்தருளும் ஆவி ஆண் என்பதை வாரன் டி அசவேடோ பதிவு செய்திருக்கிறார். தாடி செதுக்கிய சாண்டே முகமூடிகளும் உண்டு. முகமூடி பெண்ணழகின் இலட்சியமாகவே பிறந்தது என்றால் கோலா மக்கள் பிறகு அதை ஆணாக்கினார்கள் என்றாகிறது. கோலாவிலிருந்து மெண்டேவுக்குப் போனது என்றால் மெண்டே பெண்கள் ஆணாவியைப் பெண்ணாவியாக்கினார்கள் என்றாகிறது. இரண்டில் எது நடந்திருந்தாலும், ஒரே வடிவத்துக்குள் பால் மாறியிருக்கிறது. அப்படி மாறக்கூடிய ஒன்றை வடிவத்தின் மூலப்பொருளாகக் கொள்ள முடியாது.

டாப்பரின் ஒரு சொல்

முகமூடியின் போக்கு எத்திசையிலிருந்து எத்திசைக்கு என்பதற்கு நம்மிடம் உள்ள மிகப் பழைய தடயம் ஒரே ஒரு சொல். ஆம்ஸ்டர்டாம் மருத்துவரான ஓல்பெர்ட் டாப்பர், ஆப்பிரிக்காவைப் பற்றிய தம் பெருநூலை 1668இல் டச்சு மொழியில் வெளியிட்டார். 1670இல் ஜான் ஓகில்பியின் ஆங்கில நூலுக்குள் அது புகுந்தது. டாப்பர் ஆப்பிரிக்க மண்ணை மிதித்தவரல்லர். இருந்தும் இன்றைய லைபீரியாவின் மவுண்ட் முனையைச் சூழ்ந்த குவோஜா நாட்டைப் பற்றிய அவருடைய பகுதி, அங்கேயே வாழ்ந்த ஒருவரின் குறிப்பிலிருந்து வந்தது போல நுணுக்கமானது. மூலக்குறிப்பு 1630களையோ 1640களையோ சேர்ந்தது என்பது பொதுவான கருத்து. அச்சான ஆண்டை அவதானித்த ஆண்டாகக் கொள்ளக்கூடாது என்பதால், கீழே 17ஆம் நூற்றாண்டின் முற்பாதி என்று மட்டும் சொல்வேன்.

அந்தப் பகுதியில் சிறுமிகளின் தீட்சை ‘சாண்டி’ என்ற பெயரிலேயே வருகிறது. காட்டில் ஒதுக்கிய இடம், தலைமழிப்பு, வெட்டுச் சடங்கு, மூலிகையிட்டு ஆற்றுதல், மாதக்கணக்கில் பாட்டும் ஆட்டமும் பயில்தல், பிறகு ஆடிக்கொண்டே ஊருக்குத் திரும்புதல் எல்லாம் உண்டு. நடத்துபவள் கோலா நாட்டிலிருந்து வரும் மூத்த பெண். அவள் பெயர் ‘சோக்வில்லி’.

இந்தச் சொல்லை ஆய்வாளர்கள் சாண்டேயின் பழமைக்குச் சான்றாகக் காட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். சற்று நின்று பார்க்க வேண்டிய சொல் அது. ஆண்களின் அவையில் மூத்தோரைக் குறிக்க டாப்பர் தரும் சொல் ‘சொக்கோனோ’. இரண்டையும் அருகருகே வைத்தால் ‘சோ’ என்ற முதலுறுப்பு பொதுவாக நிற்கிறது. லைபீரியாவில் இன்றும் சடங்கு வல்லவரை, ஆணாயினும் பெண்ணாயினும், ‘ஸோ’ என்கிறார்கள். சாண்டேயின் தலைவி ‘மஸோ’. மெண்டே மொழியில் ‘சோவோ’. சுட்டு விகுதி சேர்ந்தால் ‘சோவெய்’. ஆக, 17ஆம் நூற்றாண்டின் சொல் ஒரு பதவியின் பெயர், ஒரு பெண்ணின் பெயர். மரத்தின் பெயரன்று.

முகமூடியின் பெயரையும் பார்ப்போம். மெண்டே மொழியில் அது ‘ந்தோலி ஜோவெய்’. ந்தோலி என்றால் ஆட்டம். ஜோவெய் என்பது சோவெய்தான்; சொற்கள் சேரும்போது மெண்டேயில் முதலெழுத்து மெலியும், சகரம் ஜகரமாகும். தமிழ்க் காதுக்கு இது அந்நியமன்று. காரணம் வேறு என்றாலும், ‘சங்கு’வின் சகரம் ‘பஞ்சு’வில் ஜகரமாக ஒலிப்பதை நாம் தினமும் கேட்கிறோம். பொருள், ஆடும் சோவெய். அடைமொழி யாருக்குத் தேவைப்படுகிறது? பின்னால் வந்தவருக்கு. ‘கைபேசி’ வந்த பிறகும் பழைய ‘தொலைபேசி’ தன் பெயரை மாற்றிக்கொள்ளவில்லை, புதியதே தனக்கென ஒரு முன்னொட்டைத் தேடிக்கொண்டது. சோவெய் என்ற சொல் தனித்து நிற்கும்போது தலைவியையும், ‘ஆடும்’ என்ற அடை சேர்ந்தால் முகமூடியையும் குறிப்பதால், பதவி முந்தியது, முகம் பிந்தியது என்று சொற்கள் சொல்வதாக எனக்குப் படுகிறது. அண்டையில் வாழும் வாயி மக்களின் ‘ஸோபா’ என்ற முகமூடிப் பெயரையும் ‘பெரிய ஸோ’ என்று பிரிக்கலாம். அங்கும் பதவிப்பெயர்தான் வேர்.

மௌனத்தின் எடை

இந்த வாதம் மெலிந்த கயிற்றில் நடக்கிறது என்பதை உணர்ந்தே எழுதுகிறேன். சொல் பிந்தியது என்பதால் பொருளும் பிந்தியது என்றாகிவிடாது. முகமூடி பழமையாக இருந்து அதன் பெயர் மட்டும் புதுப்பிக்கப்பட்டிருக்கலாம். ஆகவே இரண்டாவது சான்று தேவை. அது ஒரு மௌனம்: டாப்பரின் சாண்டே விவரிப்பில் முகமூடி இல்லை.

மௌனத்தைச் சான்றாக்குவது ஆபத்து. பெண்களின் காட்டுக்குள் நடப்பதை ஆண் ஒருவர் எப்படி அறிவார், கேட்காததை எழுதாமல் விட்டிருப்பார் என்று மறுக்கலாம். ஆனால் அவர் அறிந்தவை எவை என்று பாருங்கள். காட்டுக்குள் நடக்கும் வெட்டுச் சடங்கு அவருக்குத் தெரிந்திருக்கிறது. மறைக்கும் கூச்சமும் இல்லை. முகமூடியோ காட்டுக்குள் ஒளிந்திருப்பதன்று. ஊர் நடுவே, ஆணும் பெண்ணும் பார்க்க ஆடுவது. சிறுமிகள் ஊர் திரும்பும் நாளே அதற்கு முதன்மையான நாள். அந்த நாளையும் அந்த ஆட்டத்தையும் விவரித்தவர், உடல் முழுதும் கறுத்த நாரோடு பளபளக்கும் மரத்தலை ஒன்று முன்னே ஆடி வந்ததைச் சொல்லாமல் விட்டிருப்பாரா? மறைவானதைச் சொல்லி வெளிப்படையானதை விட்ட மௌனம் இது. இதற்குச் சற்றுக் கூடுதல் எடை தரலாம் என்பதே என் கருத்து.

இதற்கும் ஒரு வரம்புண்டு. டாப்பர் பேசுவது குவோஜாவை. அங்கே இல்லாதது கோலா நாட்டிலும் இல்லை என்று சொல்ல முடியாது. நடத்துபவள் கோலாவிலிருந்தே வந்தாள் என்பதால், பதவியும் சடங்கும் முதலில் கடற்கரைக்கு வந்து, முகமூடி பிறகு அதே வழியில் வந்திருக்கவும் கூடும்.

தொப்பி வைத்த முகம்

அடுத்த படிக்கட்டு 19ஆம் நூற்றாண்டில். 1803இல் வெளியான தாமஸ் வின்டர்பாட்டத்தின் நூலிலும் புந்துவின் தலைமையில் நிற்பவள் ஒரு முதிய பெண்ணே. 1890இல் யோஹான் பூட்டிக்கோஃபர் லைபீரியப் பயணநூலை வெளியிடும்போது நிலைமை வேறு. முகமூடியாட்டம் ஐரோப்பியர் கண்ணில் நன்றாகப் பட்டுவிட்டது. இடையில் 1886இல் லண்டனில் நடந்த காலனி, இந்தியக் கண்காட்சிக்கு ஒரு முகமூடி போனது. ஷெர்ப்ரோ வட்டாரத்தில் வணிகராக இருந்து பின்னர் அதிகாரியான டி. ஜே. ஆல்ட்ரிஜ் வழியே சென்ற அது, பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் சேர்ந்தது. 2013இல் அதையே நடுவில் வைத்து அங்கே ஒரு காட்சி நடந்தது.

அந்த முகமூடியின் உச்சியில் முடைந்த கூந்தல் மட்டும் இல்லை. ஐரோப்பிய உயர்தொப்பி ஒன்று செதுக்கப்பட்டிருக்கிறது. கடற்கரைத் தலைவர்கள் பதவிச் சின்னமாக ஏற்ற தொப்பி அது. உயர்தொப்பி ஐரோப்பாவிலேயே 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் பரவியது. ஆகவே இந்த வகை முகமூடி அதற்கு முந்தியதாக இருக்க முடியாது என்பது நமக்கு உறுதியாகத் தெரிகிறது. பெரிய கேள்வி வேறு. ஆண் தலைவர்களின் தொப்பியை நீரிலிருந்து எழும் அழகியின் தலையில் ஏன் வைத்தார்கள்?

பெண்ணழகின் அகராதியில் இந்தத் தொப்பிக்கு இடமில்லை. விதிவிலக்கு என்று ஒதுக்க வேண்டிவரும். பதவியின் முகமாகப் படித்தாலோ விதிவிலக்கே இல்லை. சோவெய் ஊரில் அதிகாரம் உள்ளவள். அதிகாரத்துக்குப் புதிய அடையாளம் ஒன்று கடற்கரைக்கு வந்தபோது, செதுக்குபவர் அதை எடுத்து அவள் தலையில் வைத்தார். கோலாவின் தாடியும் இந்த வாசிப்பில் திகைக்க வைக்காது. பதவிக்குப் பால் கட்டாயமில்லை. மூத்தோரின் மதிப்புக்குத் தாடி எங்கும் அறிந்த அடையாளம்.

இதனால் பூனின் விளக்கம் பொய்யாகிவிடவில்லை. பதவியின் முகம் மெண்டே ஊர்களில் பெண்ணழகின் முகமாக வளர்ந்தது என்று கொண்டால், அவர் பதிவு செய்தது அந்த வளர்ச்சியின் கடைசி, மிகச் செறிவான கட்டம். அதைத் தொடக்கமாகக் கொள்வதே பிழை.

காலவரிசை

உறுதியானது இவ்வளவே: 17ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் பதவி உண்டு, சொல் உண்டு, கோலாத் தொடர்பு உண்டு. 1886இல் முதிர்ந்த வடிவில் முகமூடி உண்டு. இடையில் ஏறத்தாழ இரண்டரை நூற்றாண்டு இடைவெளி. 1886இன் முகமூடி கைதேர்ந்த வேலை. தொப்பியை ஏற்றும்போதும் வடிவம் குலையவில்லை. அத்தகைய துணிச்சலுக்குப் பின்னால் சில தலைமுறைகளின் பயிற்சி இருந்தாக வேண்டும் என்பதால், முகமூடியின் தோற்றத்தை 18ஆம் நூற்றாண்டுக்குள் வைக்க நான் சாய்கிறேன். இது சாய்வு மட்டுமே. இதைவிட முந்திய தேதியிட்ட மரம் ஒன்று ஏதேனும் சேகரத்திலிருந்து வெளிவந்தால் மேலே சொன்னதில் பாதி விழும். சொல் பற்றிய பகுதி மட்டும் நிற்கும்.

‘சோக்வில்லி’யின் பின்னுறுப்பான ‘வில்லி’யை எந்த மொழியோடு பொருத்துவது என்பதையும் திறந்தே விடுகிறேன். அது கோலாச் சொல் என்று உறுதியானால், முகமூடி வந்த வழியைப் பற்றிய என் ஊகம் வலுப்பெறும். வாயியாகவோ அது சேர்ந்த மாண்டே குடும்பத்தின் வேறு மொழியாகவோ இருந்தால், கோலாவிலிருந்து வந்த பெண்ணுக்கு அயலார் தந்த பெயர் அது என்றாகும். அப்போது மேலே வரைந்த திசைக்குறியையும் திரும்ப வரைய வேண்டியிருக்கும்.