கேன்சர் நோயாளிக்கு ஒரு படகோட்டி: நேவிகேட்டர் சான்றிதழின் கதை

1/ கும்மிடிப்பூண்டி சிப்காட்ல கான்ட்ராக்ட் வேலை பார்க்கற ஒரு அம்மா. மார்புல கட்டி. பயாப்ஸி பண்ணா கேன்சர். சரி, அடுத்து? ஸ்கேன், ஈஎஸ்ஐயா முதல்வர் காப்பீடாங்கற குழப்பம், சென்னைக்கு ரயில், லீவு போட்டா கூலி கட். நோயைக் கண்டுபிடிச்ச பிறகும் பலர் தொலைஞ்சு போறது இந்த இடைவெளியிலதான். இதுல கூடவே நடந்து வர்ற ஆளுக்குப் பேர்தான் நேவிகேட்டர்.

2/ இந்த வேலை பிறந்த இடம் நியூயார்க்கின் ஹார்லம். அங்க ஏழைக் கறுப்பின மக்களுக்கு சிகிச்சை கொடுத்த சர்ஜன் டாக்டர் ஹெரால்ட் ஃப்ரீமேன். 1964 முதல் 1986 வரை அவரோட மருத்துவமனைக்கு வந்த மார்பகப் புற்றுநோயாளிகள்ல பாதிப் பேர் வரும்போதே 3, 4-ம் நிலை. 5 வருஷம் உயிரோட இருந்தவங்க 39% தான்.

3/ 1990-ல் அவர் செஞ்சது ரொம்ப எளிமை. அதே ஏரியா ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து நோயாளிகள் கூட அனுப்பினார். இலவசமாவோ குறைஞ்ச செலவிலயோ மேமோகிராம் பரிசோதனையும் கொடுத்தார். 1995-2000 காலத்து நோயாளிகள்ல 5 வருஷம் பிழைச்சவங்க 70%. இந்த ரெண்டும் சேர்ந்து கொடுத்த பலன் இது.

4/ கவனிங்க, அந்த முதல் நேவிகேட்டர்கள் நர்ஸ் இல்ல, சாதாரண மக்கள். வேலை பரவினதும் கேள்வி வந்துச்சு: யார் வேணா "நான் நேவிகேட்டர்"னு சொல்லிக்கலாமா? 2009-ல் அமெரிக்காவுல இவங்களுக்குன்னு ஒரு அமைப்பு உருவாச்சு. பிறகு நர்ஸுக்குத் தனியா, நர்ஸ் அல்லாதவங்களுக்குத் தனியா சான்றிதழ் தேர்வு. 2024 முதல் மெடிகேர் இந்த வேலைக்குப் பணமே கொடுக்குது. ஆனா பயிற்சியோ சான்றிதழோ இருக்கணும்.

5/ நம்ம ஊருக்கு வருவோம். 1954-ல் அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட் 12 படுக்கையோட தொடங்கினப்ப, சிகிச்சைக்கு இடமே இல்லைங்கறதுதான் பிரச்சினை. இன்னிக்கு இடம் இருக்கு, காப்பீடு இருக்கு. போய்ச் சேர்ற வழிதான் சிக்கல்.

6/ "நர்ஸால முடியுமா?"ன்னு கேட்கறவங்களுக்குத் திண்டுக்கல் பதில் சொல்லிடுச்சு. 2000-ல் தொடங்கின ஆய்வுல, பயிற்சி பெற்ற நர்ஸுங்க கிராமத்துப் பெண்களுக்கு வினிகர் தடவி கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை செஞ்சாங்க. அந்தப் புற்றுநோயால வர்ற இறப்பு 35% குறைஞ்சுதுன்னு 2007-ல் லான்செட்ல வந்துச்சு.

7/ மும்பை டாடா மெமோரியலும் டாடா சமூக அறிவியல் கழகமும் சேர்ந்து நேவிகேட்டருக்கு ஒரு வருஷ டிப்ளமா நடத்தறாங்க. பேர் "கேவட்". ராமனைக் கங்கை கடக்க வெச்ச படகோட்டி. நமக்குக் குகன்னு சொன்னா சட்டுனு புரியும். நர்ஸுக்கு, இந்திய நர்சிங் கவுன்சிலோட ஒரு வருஷப் புற்றுநோய் நர்சிங் டிப்ளமா தனியா இருக்கு.

8/ ஒரு காகிதத்துக்கு ஏன் இவ்ளோ முக்கியத்துவம்? ரெண்டு காரணம். ஒண்ணு, சான்றிதழ் இல்லாத இடத்துல வழிகாட்டறது புரோக்கர். கமிஷன் எங்க அதிகமோ அங்கதான் கூட்டிட்டுப் போவான். ரெண்டாவது, இப்ப இந்த வேலையை ஒரு ஸ்டாஃப் நர்ஸ் சிஸ்டரோ, மக்களைத் தேடி மருத்துவம் அக்காவோ மனசு வெச்சுதான் செய்றாங்க. அவங்க டிரான்ஸ்ஃபர் ஆனா அந்த வழியும் அவங்களோடவே போயிடும். தகுதின்னு ஒண்ணு இருந்தாத்தான் பணியிடம்னு கேட்க முடியும்.

9/ அதே சமயம், அந்தச் சான்றிதழ் பட்டதாரிக்கு மட்டும்னு ஆகிடக் கூடாது. ஒடிசா, பீகார் தொழிலாளிகிட்ட ஒடியாவுலயும் இந்தியிலயும் பேசத் தெரிஞ்ச பக்கத்து வீட்டுப் பெண்ணும் பயிற்சி எடுத்து வர முடியணும். ஹார்லம் ஜெயிச்சது அப்படித்தான்.

10/ அதுவரைக்கும் நீங்க ஒண்ணு செய்ங்க. வீட்ல யாருக்காவது கேன்சர்னு ரிப்போர்ட் வந்தா, அன்னிக்கே மூணு கேள்வி கேட்டு எழுதி வாங்கிக்கோங்க: அடுத்து எங்க போகணும்? எந்தத் தேதி? சந்தேகம்னா யாருக்கு போன் பண்ணணும்? பதில் கிடைக்கலைன்னா 104-க்குக் கூப்பிடுங்க.