தந்தியில் நடந்த ஓட்டப்பந்தயம்

1907இல் அமெரிக்காவில் இரண்டு பள்ளிகள் தடகளப் போட்டியில் மோதின. ஒன்று பிலடெல்பியாவின் ஓவர்புரூக் பள்ளி, மற்றது பால்டிமோரில் இருந்த பள்ளி. இரண்டுமே பார்வையற்றோர் பள்ளிகள். ஓவர்புரூக் பிள்ளைகள் தங்கள் மைதானத்திலேயே ஓடினார்கள், பால்டிமோர்ப் பிள்ளைகள் தங்கள் மைதானத்தில். முடிவுகள் தந்தியில் பறந்தன. அவற்றை ஒப்பிட்டுப் பார்த்து யாருக்கு வெற்றி என்று முடிவு செய்தார்கள். எதிராளியின் காலடிச் சத்தத்தைக்கூடக் கேட்காமல் ஓடிய பந்தயம் அது.

பார்வையற்ற பிள்ளைகளும் விளையாடலாம் என்பது அப்போதே பழைய சங்கதி. 1832இல் பாஸ்டனில் தொடங்கி, பின்னாளில் பெர்க்கின்ஸ் பள்ளி என்று பெயர்பெற்ற இடத்தின் முதல் தலைவர் சாமுவேல் கிரிட்லி ஹவ். கிரேக்க விடுதலைப் போருக்குப் போய்வந்த மருத்துவர். அறைக்குள்ளேயே வளர்க்கப்பட்ட பிள்ளைகளை வெளியே கொண்டுவந்து நடக்கவும், கடலில் நீந்தவும் வைத்தார். காது கேளாதோர் கல்வி நிலையங்களில் விளையாட்டு இன்னும் வேகமாக வேர்பிடித்தது. வாஷிங்டனில் இருந்த அத்தகைய கல்லூரி ஒன்றில், 1890களில், அமெரிக்கக் கால்பந்து அணியின் ஆட்டத்தை வழிநடத்தியவர் பால் ஹப்பர்ட். எதிரணியினருக்கும் சைகைமொழி தெரியுமென்றால் திட்டம் அம்பலமாகிவிடுமே! தன் வீரர்களை நெருக்கமாக வட்டமிட்டு நிற்கவைத்து, நடுவில் சைகை காட்டினார். இன்று கிரிக்கெட் அணிகள்கூடத் தோளில் கைபோட்டு நிற்கும் ‘ஹடில்’ அங்கிருந்துதான் வந்தது என்பார்கள்.

இதெல்லாம் தனிப் பள்ளிகளின் கதை. சாதாரணப் பள்ளிகளில் நிலைமை வேறு. உடற்கல்வி வகுப்பு என்றால் டிரில்: எல்லோரும் ஒரே வரிசை, ஒரே எண்ணிக்கை, ஒரே அசைவு. அந்த வரிசைக்குப் பொருந்தாத பிள்ளைக்கு டாக்டர் சீட்டு ஒன்று போதும், வகுப்பிலிருந்து விலக்கு கிடைத்துவிடும். மற்றவர்கள் ஆட, அந்தப் பிள்ளை ஓரமாக உட்கார்ந்திருக்கும்.

விலக்காமல் கவனித்த ஆசிரியர்களும் உண்டு. ஆனால் அவர்கள் அந்தப் பிள்ளையை விளையாட்டு வீரனாகப் பார்க்கவில்லை, நோயாளியாகப் பார்த்தார்கள். வேர் சுவீடனில் இருந்தது. பெர் ஹென்ரிக் லிங் 1813இல் ஸ்டாக்ஹோமில் தொடங்கிய நிறுவனத்தில் ‘மருத்துவ ஜிம்னாஸ்டிக்ஸ்’ ஒரு தனிப் பிரிவு. கோணிய முதுகு, கூனிய தோள், வலுவிழந்த கால் ஆகியவற்றுக்கெல்லாம் குறித்த அசைவுகள் உண்டு. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஹெமன்வே உடற்பயிற்சிக் கூடத்துக்கு 1879இல் பொறுப்பேற்ற டட்லி சார்ஜென்ட், மாணவர்களின் உடலை அங்கம் அங்கமாக அளந்தார். மருந்துச்சீட்டு எழுதுவதுபோல ஒவ்வொருவருக்கும் பயிற்சி எழுதிக்கொடுத்தார். இந்த வழியில் வந்த பாடத்துக்கு 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ‘திருத்த உடற்கல்வி’ என்ற பெயர் நிலைத்தது. திருத்தப்பட வேண்டியது பிள்ளையின் உடல் என்பது அந்தப் பெயரிலேயே அடங்கியிருக்கிறது.

அந்த எண்ணத்தை அசைத்தவை போரும் போலியோவும். 1916இல் மட்டும் அமெரிக்காவில் சுமார் 27,000 பேரைப் போலியோ தாக்கியது. 6,000 பேர் இறந்தார்கள். பிழைத்த பிள்ளைகள் கால் தாங்கிகளோடு பள்ளிக்குத் திரும்பினார்கள். முதல் உலகப் போர் கையிழந்தவர்களையும் காலிழந்தவர்களையும் ஆயிரக்கணக்கில் ஊருக்கு அனுப்பியது. பயிற்சியால் ஓரளவுக்கு மேல் ‘திருத்த’ முடியாத உடல்கள் இவை. அப்படியென்றால் இவர்கள் வாழ்நாள் முழுதும் ஓரத்தில்தான் உட்கார்ந்திருக்க வேண்டுமா?

இலினாய் பல்கலைக்கழகத்தின் ஜார்ஜ் ஸ்டாஃபர்டு எழுதிய இரண்டு புத்தகங்களின் தலைப்பே இந்த மாற்றத்தைச் சொல்லிவிடும். 1928இல் வந்த நூல், தடுப்பு மற்றும் திருத்த உடற்கல்வி பற்றியது. பதினோரு ஆண்டுகள் கழித்து, 1939இல் வந்தது, உடற்குறை உள்ளவர்களுக்கான விளையாட்டுகள் பற்றியது. அதே பேராசிரியர்தான். சிகிச்சை விளையாட்டாகிவிட்டது.

அதே பல்கலைக்கழகத்தில் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு டிம் நுஜென்ட், சக்கர நாற்காலியில் வந்த முன்னாள் படைவீரர்களைச் சேர்த்து ஒரு கூடைப்பந்து அணியை உருவாக்கினார். 1949இல் கேல்ஸ்பர்க் நகரில் முதல் தேசியச் சக்கர நாற்காலிக் கூடைப்பந்துப் போட்டி நடந்தது. இந்த ஆட்டத்தின் விதிகளைப் பார்த்தால் ஒரு நுட்பம் புரியும். கூடையின் உயரம் தாழ்த்தப்படவில்லை. நின்று ஆடுபவர்களுக்கு இருக்கும் அதே 3.05 மீட்டர்தான். மாறியது ‘நடை’ பற்றிய விதி. பந்தைத் தட்டாமல் சக்கரத்தை இரண்டு முறைக்கு மேல் தொடர்ந்து தள்ளினால் தவறு. எங்கே தேவையோ அங்கே மட்டும் கத்தரி வைத்தார்கள்.

இதற்கொரு பெயர் வேண்டியிருந்தது. 1952இல் அமெரிக்க உடற்கல்வி ஆசிரியர்களின் தேசியச் சங்கம் அமைத்த குழு ‘தகவமைத்த உடற்கல்வி’ என்ற சொல்லுக்கு இலக்கணம் வகுத்தது. வழக்கமான வகுப்பில் பாதுகாப்பாகவோ வெற்றிகரமாகவோ ஈடுபட முடியாத மாணவர்களுக்கு, அவர்களுடைய ஆர்வத்துக்கும் திறனுக்கும் வரம்புக்கும் ஏற்ற விளையாட்டுகளும் பயிற்சிகளும் தரவேண்டும் என்பது அதன் சாரம். 1954இல் ஆர்தர் டேனியல்ஸ் அந்தப் பெயரையே தலைப்பாக வைத்துப் பாடநூல் எழுதினார். போலியோ உச்சத்தில் இருந்த காலம் அது. 1952இல் மட்டும் ஏறத்தாழ 58,000 பேர் பாதிக்கப்பட்டிருந்தார்கள்.

பெயர் வந்துவிட்டது, மைதானத்தில் என்ன செய்வது? பந்து வேகமாக வருகிறதா, பலூனைக் கொடு. வருகிற பந்தை அடிக்க முடியவில்லையா, ஒரு கம்பத்தின் மேல் அசையாமல் வை. வலை உயரமா, தாழ்த்து. பார்வையற்றவர் நேராக ஓட வேண்டுமா, இடுப்புயரத்தில் கயிறு கட்டு, பிடித்துக்கொண்டு ஓடட்டும். கலிபோர்னியாவில் பார்வையற்றோர் பள்ளியில் உடற்கல்வி கற்பித்த சார்லஸ் புவெல் இத்தகைய வழிகளைப் புத்தகமாகவே எழுதிவைத்தார்; அவருக்கும் பார்வை குறைவுதான். 1964இல் சார்லி ஃபேர்பேங்க்ஸ் என்ற டெலிபோன் கம்பெனிப் பொறியாளர், கொலராடோவின் காது கேளாதோர், பார்வையற்றோர் பள்ளிக்காக ‘பீப் பீப்’ என்று ஒலிக்கும் பந்தைச் செய்துகொடுத்தார். அதிலிருந்து வளர்ந்த பேஸ்பாலில், பந்து போடுபவருக்குப் பார்வை உண்டு, மட்டை பிடிப்பவருக்குக் கண்கட்டு. இருவரும் ஒரே அணி! அடிக்க வசதியாகப் போடுவதுதான் பந்து போடுபவரின் திறமை.

அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைகளின் முறை வர இன்னும் சில ஆண்டுகள் ஆயின. அவர்கள் உடல் தகுதியில் பின்தங்கியிருப்பது குறைபாட்டின் இயல்பு என்றே பலரும் நம்பினார்கள். 1960களின் தொடக்கத்தில் டொராண்டோவில் ஆய்வு செய்த ஃபிராங்க் ஹேடன், அவர்களுடைய உடல் தகுதி மற்ற பிள்ளைகளில் பாதியளவே இருப்பதைக் கண்டார். காரணம் குறைபாடு அல்ல, யாரும் அவர்களை ஓடியாட விடாததே என்றும் காட்டினார். அதே காலத்தில், 1962இல், மேரிலாந்தில் தன் வீட்டுத் தோட்டத்தையே கோடைமுகாமாக்கி இப்பிள்ளைகளை விளையாட வைத்தார் யூனிஸ் கென்னடி ஷ்ரைவர். 1968 ஜூலை 20 அன்று சிகாகோவின் சோல்ஜர் ஃபீல்டு மைதானத்தில் சுமார் 1,000 பேருடன் முதல் ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் நடந்தது.

இருந்தும் பள்ளிக் கதவே திறக்காதவர்கள் நிறைய. 10 லட்சம் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகள் பள்ளிக்கு வெளியே நிறுத்தப்பட்டிருப்பதாக அமெரிக்க நாடாளுமன்றமே ஒப்புக்கொண்டது. 1975 நவம்பர் 29 அன்று அதிபர் ஜெரால்டு ஃபோர்டு கையெழுத்திட்ட கல்விச் சட்டம் அந்தக் கதவைத் திறந்தது. சிறப்புக் கல்வி என்றால் என்ன என்று விளக்கும் இடத்தில் அந்தச் சட்டம் கணக்கின் பெயரைச் சொல்லவில்லை, ஆங்கிலத்தின் பெயரையும் சொல்லவில்லை. பெயர் சொன்ன ஒரே பாடம் உடற்கல்வி.

பாகுபாட்டைத் தடுக்கும் இன்னொரு சட்டம் 1973இலேயே வந்துவிட்டது. ஆனால் அதை நடைமுறைப்படுத்தும் விதிமுறைகள் ஏறத்தாழ நான்காண்டுகள் கிடப்பில் கிடந்தன. 1977 ஏப்ரலில் சான் பிரான்சிஸ்கோவின் அரசுக் கட்டடத்துக்குள் மாற்றுத்திறனாளிகள் வாரக்கணக்கில் உட்கார்ந்து போராடினார்கள். முன்னணியில் நின்ற ஜூடித் ஹ்யூமன் போலியோவால் சக்கர நாற்காலியில் வாழ்ந்தவர். சிறுமியாக இருந்தபோது, தீ விபத்து நேர்ந்தால் ஆபத்து என்று காரணம் சொல்லிப் பள்ளியில் சேர்க்க மறுக்கப்பட்டவர். ஏப்ரல் 28 அன்று விதிமுறைகள் கையெழுத்தாயின.

2010இல் அரசுத் தணிக்கை அமைப்பு கணக்கெடுத்தபோது, உடற்கல்வி வகுப்பில் மாற்றுத்திறனாளி மாணவர்களுக்குக் கிடைக்கும் வாய்ப்பு மற்ற மாணவர்களை நெருங்கியிருந்தது. பள்ளி மணி அடித்த பிறகு நடக்கும் அணிப் போட்டிகளில்தான் பங்கேற்பு குறைவு. 2013 ஜனவரியில் கல்வித் துறை பள்ளிகளுக்கு ஒரு வழிகாட்டுக் கடிதம் அனுப்பியது. சில எடுத்துக்காட்டுகளும் தந்தது. நீச்சலின் சில வகைகளில் சுவரை இரண்டு கையாலும் தொட வேண்டும் என்பது விதி. ஒரு கை மட்டும் உள்ள மாணவி ஒரு கையால் தொட்டால், அதனால் அவருக்குக் கூடுதல் அனுகூலம் கிடைக்காதவரை, ஏற்க வேண்டும். காது கேளாத மாணவர் தடகளத்தில் ஓட விரும்பினால், தொடக்கத் துப்பாக்கி வெடிக்கும் அதே நொடியில் அவருக்குக் கண்ணில் படும் ஓர் அடையாளம் காட்ட வேண்டும். மற்றவர்கள் சத்தம் கேட்டுப் புறப்படுவார்கள், அவர் அதைப் பார்த்துப் புறப்படுவார். ஓடுவது ஒரே தடத்தில்.