மகுடம் சேரும் இடம்: ‘பொன்னியின் செல்வன்’ நாவலும் படமும்

கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ 1950 அக்டோபரில் ‘கல்கி’ வார இதழில் தொடங்கி மூன்றரை ஆண்டுகள் ஓடியது. நூலாக ஐந்து பாகங்கள், இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பக்கங்கள். மணிரத்னம் அதை இரண்டு படங்களாக்கினார். முதல் படம் 2022 செப்டம்பர் 30 அன்றும் அடுத்தது 2023 ஏப்ரல் 28 அன்றும் வெளியாயின. இரண்டும் சேர்த்து ஐந்தரை மணி நேரம்.

மீஞ்சூரில் எங்கள் தலைமுறைக்கு முந்தியவர்கள் பலர் இந்தக் கதையை, வார இதழிலிருந்து கிழித்து பைண்டு செய்த தொகுப்புகளில், மணியம் வரைந்த படங்களோடு படித்தவர்கள். அத்திப்பட்டுக்கும் காட்டுப்பள்ளிக்கும் ஷிப்டு வேலைக்குப் போகும் பிள்ளைகளில் பலருக்கோ இந்தக் கதை திரை வழியாகத்தான் அறிமுகம். ஒரே வீட்டில் இருவர் கதைநாயகன் வந்தியத்தேவனைப் பற்றிப் பேசினாலும் அவர்கள் பேசுவது இரண்டு வேறு கதைகளைப் பற்றி.

தொடக்கத்தையே பார்க்கலாம். நாவல் ஆடிப்பெருக்கு நாளில், வீரநாராயண ஏரிக்கரையில், குதிரையில் வரும் வாலிபன் வந்தியத்தேவனோடு தொடங்குகிறது. அரசர், இளவரசர் யாரையும் நாம் இன்னும் காணவில்லை. கரையில் கூடிய சனங்களும் வைணவ, சைவச் சண்டையும் சிற்றரசர் பழுவேட்டரையர் பரிவாரத்தின் அதிகாரமும் முதலில் கண்ணில் படுகின்றன. சோழ நாட்டை அந்த வழிப்போக்கனின் கண்ணால் மெல்ல மெல்ல அறிகிறோம். படம் மூத்த இளவரசன் ஆதித்த கரிகாலனின் போர்க்களத்தை முன்னே கொண்டுவருகிறது. யார் பட்டத்து இளவரசன், யாருக்கு என்ன கோபம் என்பது சீக்கிரமே தெரிந்துவிடுகிறது. ஏரிக்கரையும் ஆடிப்பெருக்கும் அதற்குப் பிறகு ‘பொன்னி நதி’ பாட்டோடு வருகின்றன. நாவல் மக்களிடமிருந்து அரண்மனைக்குப் போகிறது. படம் அரச குடும்பத்திலிருந்து கிளம்புகிறது. இந்த வேறுபாடு கடைசிவரை தொடர்கிறது.

படம் நாவலை மிஞ்சும் இடம் கரிகாலனும் அவன் முன்பு காதலித்த நந்தினியும். நாவலில் கரிகாலன் தன் பழைய காதலையும் பாண்டிய மன்னன் வீரபாண்டியன் தலையைக் கொய்த இரவையும் மாமல்லபுரத்தில் நண்பன் பார்த்திபேந்திரனிடம் வாய்விட்டுச் சொல்கிறான். நாம் கேட்டுக்கொள்கிறோம். இரண்டாம் படமோ அந்தப் பிள்ளைக் காதலைத் தொடக்கத்திலேயே அதிகம் பேச்சில்லாமல் காட்டுகிறது. கரிகாலனாக நடித்த விக்ரம் முகத்தில் அதன் பிறகு தெரியும் வெறிக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. வடகாஞ்சி என்று பெயர் பெற்ற எங்கள் ஊர்க்காரர்களுக்குக் காஞ்சியிலிருந்து ஆண்ட கரிகாலன்மேல் தனிப் பாசம் உண்டு. தொண்டை நாட்டுக்கு அவன் அந்நியன் இல்லை. அவனுக்குத் திரையில் கிடைத்த உயிர் எங்களுக்குப் பெரிய கொடை.

அவன் சாவில் நாவலும் படமும் பிரிகின்றன. கடம்பூர் மாளிகையில் விளக்கு அணைந்த இருட்டில் அது நடக்கும்படி கல்கி எழுதினார். கத்தி யாருடையது என்பதில் கடைசிவரை ஐயம் வைத்தார். பழி வந்தியத்தேவன் தலையில் விழுகிறது. உடையார்குடிக் கல்வெட்டு ரவிதாசன் முதலியோரைத் துரோகிகள் என்று பெயர் சொல்லிக் குறித்தாலும், கொலையின் பின்னணி பற்றி வரலாற்றாசிரியர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். அந்த வாதத்துக்கு நாவல் இடம் விட்டது. படம் அதைக் கரிகாலனுக்கும் நந்தினிக்கும் இடையிலான கணக்காகத் தீர்த்துவைக்கிறது. நெஞ்சைப் பிசையும் காட்சிதான். ஆனால் ஒரு நாட்டையே சந்தேகத்தில் தள்ளிய சாவு, இருவரின் சோகமாகச் சுருங்கிவிடுகிறது.

பெரிய இழப்பு மகுடத்தில். நாவலில் சேந்தன் அமுதன் தஞ்சைத் தளிக்குளத்தார் கோயிலுக்குப் பூத்தொடுக்கும் ஏழை. பேச்சற்ற தாயோடு நந்தவனக் குடிசையில் வாழ்கிறான். சிறு வயதில் குழந்தை மாறிய கதை வெளிப்படும்போது, முன்னாள் அரசி செம்பியன் மாதேவியின் உண்மையான மகன் மதுராந்தகன் அல்ல, அவனே என்று தெரிகிறது. கரிகாலனின் தம்பி அருள்மொழி தனக்கு வந்த மகுடத்தை அவன் தலையில் வைக்கிறான். கோடிக்கரை ஓடக்காரி பூங்குழலி அரசியாகிறாள். படத்தில் சேந்தன் அமுதன் உண்டு, அந்த ரகசியம் இல்லை. குழந்தை மாறாட்டம் நீங்கியதால், முதலிலிருந்தே அரியணைக்கு ஆசைப்பட்ட சிற்றப்பன் மதுராந்தகனுக்கே முடி போகிறது. வந்தியத்தேவனை நேசித்து மடியும் மணிமேகலைக்குப் படத்தில் இடமே இல்லை.

காலச் சுருக்கத்துக்காக வெட்டியது என்று இதைத் தள்ளிவிட முடியாது. நாவலின் ஐந்தாம் பாகத்துக்குத் ‘தியாகச் சிகரம்’ என்று பெயர். கல்கியின் அருள்மொழி விட்டுக்கொடுப்பது கேட்காதவனுக்கு. படத்தின் அருள்மொழி விட்டுக்கொடுப்பது கேட்டுப் போராடிய சிற்றப்பனுக்கு. பின்னது பங்காளிச் சண்டையைத் தீர்க்கும் பெருந்தன்மை. முன்னது அரியணையைப் பூத்தொடுப்பவன் குடிசைவரை கொண்டுபோகிறது.

ஹாரி பாட்டரின் ஏழு நூல்களை எட்டுப் படங்களாக்கினார்கள். கடைசி நூலுக்கு இரண்டு படம் ஒதுக்கினார்கள். ஐந்து பாகத்தை இரண்டில் அடக்கியவர் எதையாவது விட்டுத்தான் ஆகவேண்டும். எம்.ஜி.ஆர். உட்படப் பலர் ஆசைப்பட்டுக் கைகூடாத வேலையை மணிரத்னம் முடித்துக் காட்டினார். அந்த நன்றி எனக்கு எப்போதும் உண்டு. படம் பார்த்துவிட்டுக் கதை தெரிந்துவிட்டதே என்று நிற்கும் பிள்ளைகளிடம் நான் சொல்வது ஒன்றுதான்: தெரிந்தது அரச குடும்பத்தின் கதை. சேந்தன் அமுதனும் மணிமேகலையும் உங்களுக்காகப் புத்தகத்தில் இருக்கிறார்கள். மீஞ்சூரில் ஏறி சென்ட்ரல் போய்ச் சேரும் மின்சார ரயில் பயணத்தில் நாளுக்குச் சில அத்தியாயம் தாராளமாக ஓடும். வாரம் ஒரு தவணையாகப் பிறந்த கதைக்கு அந்த வேகமே சரியான வேகம்.