கைநாட்டும் கைப்பேசியும்: செங்கற்பட்டு வரலாற்றிலிருந்து ஒரு படிப்பினை

தொலைக்காட்சி, இணையம், கைப்பேசி ஆகியவற்றைக் குறித்துத் திருச்சபையில் பேச்சு எழும்போதெல்லாம் பெற்றோர் கூறும் மறுமொழி ஒன்றே: "பிள்ளைகள் அறிந்ததை நாங்கள் அறியோம், அவர்களை எவ்வாறு வழிநடத்துவது?" இக்கேள்வி நம் காலத்தில்தான் தோன்றியதென்று பலர் எண்ணுகின்றனர். ஆயின், செங்கற்பட்டு வட்டாரத்தின் வரலாற்றை நோக்குங்கால், 130 ஆண்டுகளுக்கு முன்னரே எழுத்தறியாப் பெற்றோர் இதே நிலையில் நின்றனர் என்பது புலனாகும். அன்று அவர்கள்முன் நின்ற புதிய கருவி எழுத்து.

1. விலங்காகவும் திறவுகோலாகவும் எழுத்து

அடிமைமுறையைச் சட்டம் ஏற்காது என்று 1843ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்தது. எனினும் 1891இல் செங்கற்பட்டு மாவட்ட ஆட்சியராயிருந்த ட்ரெமன்ஹீர், ஒடுக்கப்பட்ட மக்களின் நிலையைக் குறித்து அரசுக்கு அளித்த அறிக்கை வேறொரு காட்சியைக் காட்டிற்று. சிறு தொகை கடனாகப் பெற்றுக்கொண்டு, தம்மையும் தம் சந்ததியையும் நிலக்கிழாரின் பண்ணைக்குக் கட்டுப்படுத்தும் பத்திரங்கள் அந்நாளிலும் எழுதப்பட்டு வந்தன. எழுத்தறியாதவருக்கு அத்தகைய பத்திரத்தில் உரியது கைநாட்டு ஒன்றே. தந்தை வாசிக்க இயலாத ஒரு தாள், பிறவாத பிள்ளையையும் பிணித்தது.

ஸ்காட்லாந்து சுயாதீன சபையின் மிஷனெறியாகச் செங்கற்பட்டில் பணியாற்றிய ஆதாம் ஆண்ட்ரூவும், வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த வில்லியம் கௌடியும் இம்மக்களுக்கு நிலமும் கல்வியும் வேண்டுமென வாதாடினர். 1892இல் சென்னை அரசு நில ஒதுக்கீடு குறித்த ஆணையைப் பிறப்பித்தது. சேரிப் பள்ளிகளின் முக்கியத்துவத்தை இப்பின்னணியிலேயே நாம் உணரவேண்டும். பிணித்த அதே எழுத்தே விடுதலைக்கும் வழியாயிற்று. கருவியைத் தீயதென்று தள்ளியிருந்தால் விலங்கு அப்படியே இருந்திருக்கும். ஆராயாமல் ஏற்றிருந்தாலும் அவ்வாறே.

2. தலைகீழான இல்ல ஒழுங்கு

லுத்தர் 1529இல் வெளியிட்ட சிறிய ஞானோபதேசம், குடும்பத்தலைவன் தன் வீட்டாருக்குக் கற்பிக்கும் முறையில் அமைந்தது. 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்த தரங்கம்பாடி மிஷனெறிகளும் அம்மரபில் வளர்ந்தவர்களே. வாசிக்கத் தெரிந்த தந்தை, கேட்டுக் கற்கும் பிள்ளை என்பது அம்மரபின் ஒழுங்கு. செங்கற்பட்டுச் சேரியில் இவ்வொழுங்கு தலைகீழாயிற்று. அங்கு வாசிப்பவன் சிறுவன், கேட்பவர் பெற்றோர்.

அதனால் பெற்றோரின் தலைமை அழிந்ததா? இல்லை. மாடு மேய்க்கும் சிறுவனைப் பள்ளிக்கு அனுப்பினால் அவன் ஈட்டும் கூலி போகும். பண்ணையாரின் சினமும் வந்து சேரும். இவ்விழப்பைச் சுமக்கும் முடிவு பெற்றோருடையது. எழுத்தின் நுட்பத்தை அவர்கள் அறியார். எழுத்து எதற்கு வேண்டும் என்பதை அறிந்திருந்தனர். பெற்றோரின் அதிகாரம் கருவியறிவிலன்று, பிள்ளையின்பொருட்டு ஏற்கும் சுமையிலேயே வேரூன்றியது என்பது இங்கு நாம் பெறும் படிப்பினை.

3. கொட்டகையிலிருந்து உள்ளங்கைக்கு

சினிமாக் கொட்டகை ஊரில் ஓரிடத்தில் இருந்தது. ஆகவே "போகாதே" என்னும் ஒரு சொல் வேலியாக நின்றது. 1975 ஆகஸ்ட் 15இல் சென்னைத் தொலைக்காட்சி நிலையம் ஒளிபரப்பைத் தொடங்கியபின், திரை வீட்டிற்குள் வந்தது. 2006இல் தொடங்கிய அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் அதனை ஏழைக் குடிசைக்கும் கொணர்ந்தது. எனினும் குடும்பத்தார் ஒன்றாய் அமர்ந்தே கண்டனர். காண்பது யாதென்பதைப் பெற்றோர் அறிந்திருந்தனர். கைப்பேசியோ ஒவ்வொருவரையும் தனித்தனியே அழைத்துச் செல்கின்றது.

2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டபோது பாடமே கைப்பேசி வழியாக வந்தது. அந்நாள்முதல் "தொடாதே" என்னும் கட்டளை பொருளிழந்தது. கோவளம் முதல் மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் வரையுள்ள கடற்கரையில் மீன்பிடிப்போர், திசைகாட்டும் செயற்கைக்கோள் கருவியையும் கைப்பேசியையும் இன்று பயன்படுத்துகின்றனர். கருவியை இயக்க மகன் விரைவில் கற்கலாம். நீரோட்டத்தையும் காற்றின் குணத்தையும் கற்பிக்கத் தந்தையே வேண்டும். ஒரே படகில் இருவரும் அமர்ந்தால்தான் இவ்விரு அறிவும் பயன்தரும்.

4. இன்றைய கைநாட்டு

தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கான 2023ஆம் ஆண்டுச் சட்டம், 18 வயது நிரம்பாதோரின் தரவுகளைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டுமென வகுத்துள்ளது. இது நலமானதே. ஆனால் வாசியாமல் அளிக்கும் ஒப்புதல் யாது? நீண்ட விதிகளின் அடியில் "சம்மதம்" என்ற கட்டத்தைப் பெருவிரலால் அழுத்துகிறோம். பழைய பத்திரத்தின் கைநாட்டு வேறு உருவில் திரும்பியுள்ளது. இணையவழிச் சூதாட்டத்தைத் தடைசெய்யும் தமிழ்நாட்டுச் சட்டம் 2023 ஏப்ரலில் ஆளுநரின் ஒப்புதலைப் பெற்றது. விளையாட்டாகத் தொடங்குவது கடனில் முடியலாம் என்பதற்கு இச்சட்டத்தின் தேவையே சான்று.

ஆகவே போதகர்களும் இறையியல் மாணவர்களும் மூன்று காரியங்களைச் சிந்திக்கவேண்டும். முதலாவது, கைப்பேசியைப் பழித்துப் பிரசங்கிப்பதுடன் நம் கடமை முடிந்துவிடாது. அறியாப் பெற்றோரின் கூச்சத்தை அது பெருக்கும். இரண்டாவது, பிள்ளை வாசிக்கப் பெற்றோர் கேட்டு, "இது நம்மிடம் எதைக் கேட்கிறது? எதைத் தருகிறது?" என்று இருவரும் சேர்ந்து ஆராயும் பழக்கத்தைச் சபை ஊக்குவிக்கவேண்டும். மூன்றாவது, குடும்ப ஜெபவேளையில் தம் கைப்பேசியை முதலில் அப்புறம் வைப்பவர் பெற்றோராய் இருக்கவேண்டும். போதகரின் இல்லமும் இதற்கு விலக்கன்று.

உபாகமம் ஆறாம் அதிகாரம், பிள்ளைகளுக்குப் போதிக்கும் வேளைகளாக வீட்டில் அமர்வதையும், வழிநடப்பதையும், படுப்பதையும், எழுவதையும் குறிப்பிடுகின்றது. இன்று இந்நான்கு வேளைகளையும் பெரும்பாலும் கைப்பேசியே பற்றிக்கொண்டுள்ளது. எழுத்தறியாத செங்கற்பட்டுப் பெற்றோர் கூலியை இழந்து தம் பிள்ளைகளுக்குப் பள்ளி நேரத்தை வாங்கித் தந்தனர். நாம் இழக்கவேண்டியது நம் ஓய்வு நேரத்தில் ஒரு பகுதியையே.